நோய்க்கு மருந்தாய் நாதம் தந்த முத்துசுவாமி தீட்சிதர்

எல்லாம் வல்ல முருகப்பெருமானின் திருவருளை நாதத்தின் வழியே பெற்றுப் பிறருக்கும் வழங்கிய பெரியோர் பலர். அவர்களுள் கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் அவர்களுக்குத் தனியிடம் உண்டு. தியாகராஜ சுவாமிகள், சியாமா சாஸ்திரிகள், தீட்சிதர் ஆகிய மூவரும் திருவாரூரிலேயே பிறந்தவர்கள். ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள். கோயில் திருவிழாவிலும் திருமண வீட்டிலும் நாதஸ்வரக் கச்சேரியின் தொடக்கத்தில் அம்சத்வனி இராகத்தில் பெரும்பாலும் ஒலிப்பது தீட்சிதர் அவர்கள் இயற்றிய வாதாபி கணபதி கீர்த்தனையே. பெயரை அறியாவிட்டாலும் அவருடைய இசையைக் கேட்காத செவி யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் இல்லை எனலாம்.

தீட்சிதர் அவர்களைப் பெரும் புலவராகவும் வீணை வித்துவானாகவும் போற்றுவோர் பலர். துன்புற்ற ஒருவருக்கு இசையையே மருந்தாகக் கொடுத்தவர் என்ற வகையில் அவருடைய வாழ்க்கையை நோக்குவோர் சிலரே. போரையும் இடப்பெயர்வையும் கண்டு, இரவில் நித்திரையின்றி வருந்துவோர் பலர் வாழும் இக்காலத்தில் அந்த வகையில் நோக்குதல் பயனுடையதாகும்.

வைத்தியநாதன் சந்நிதியில் பெற்ற வரம்

தீட்சிதர் அவர்களின் தந்தையார் இராமசுவாமி தீட்சிதர். தாயார் சுப்புலட்சுமி அம்மாள். தந்தையாரும் பெரிய சங்கீத வித்துவான். அம்சத்வனி இராகத்தை உருவாக்கியவர் அவரே என்பர். நெடுங்காலம் பிள்ளைப் பேறு இன்றி வருந்திய பெற்றோர் வைத்தீசுவரன் கோயிலுக்குச் சென்று நோன்பிருந்து வழிபட்டனர். பாடல் பெற்ற தலமாகிய புள்ளிருக்குவேளூர் என்பது இதுவே. அங்கே எழுந்தருளியிருக்கும் சிவபெருமான் நோய் தீர்க்கும் வைத்தியநாதன். முருகப்பெருமானின் திருநாமம் முத்துக்குமாரசுவாமி. அப்பெருமானின் அருளால் பிறந்த பிள்ளைக்கு முத்துசுவாமி என்று பெயரிட்டனர். பிறந்த ஆண்டு 1775 என்பது பொதுவாகக் கொள்ளப்படுவது. பங்குனி மாதத்துக் கார்த்திகை நட்சத்திரத்தில் அவர் பிறந்தார். வைத்தியநாதனின் சந்நிதியில் வரமாகப் பெற்ற பிள்ளை பின்னாளில் நோயுற்றவருக்குப் பாட்டால் ஆறுதல் அளித்தது பொருத்தமே என்று அடியார்கள் கூறுவர்.

முத்துசுவாமிக்குப் பின் சின்னசுவாமி, பாலுசுவாமி என்னும் இரு சகோதரர்களும் பாலாம்பாள் என்னும் சகோதரியும் பிறந்தனர். பிள்ளைகள் இளவயதினராய் இருக்கும்போதே குடும்பம் சென்னைக்கு அருகிலுள்ள மணலிக்குச் சென்றது. அங்கு முத்துகிருஷ்ண முதலியார் என்னும் பிரபு இவர்களை ஆதரித்தார்.

காசியும் வீணையும்

மணலியில் இருந்த காலத்தில் சிதம்பரநாத யோகி என்னும் துறவி அங்கு வந்தார். இளைஞர் முத்துசுவாமியின் பக்குவத்தைக் கண்டு, தம்முடன் காசிக்கு அனுப்பும்படி பெற்றோரிடம் கேட்டார். பெற்ற மனம் முதலில் தயங்கினாலும் பின்னர் இசைந்தது. காசியில் பல ஆண்டுகள் குருவுக்குப் பணிவிடை செய்து வேதாந்தமும் ஸ்ரீவித்யா உபாசனையும் யோகமும் கற்றார். வடநாட்டு இசையையும், சிறப்பாகத் துருபதம் என்னும் பழைய பாடல் முறையையும் நன்றாகக் கேட்டார். துருபதம் மெதுவாகத் தொடங்கி, ஒவ்வொரு சுரத்திலும் நின்று நிதானித்துச் செல்வது. தீட்சிதர் அவர்களின் கீர்த்தனைகள் பிற்காலத்தில் அவசரமின்றி ஆழ்ந்து செல்வதற்கு இக்கேள்வி ஞானமும் ஒரு காரணம் என்று இசை அறிஞர் கூறுவர்.

ஒருநாள் குருவின் கட்டளைப்படி கங்கையில் மூழ்கியபோது அவர் கையில் ஒரு வீணை கிடைத்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. வீணை தீட்சிதர் அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் துணையாயிற்று. வீணையின் தந்தியை ஒருமுறை மீட்டினால் அந்த நாதம் மெல்ல மெல்லத் தேய்ந்து மௌனத்தில் கலக்கும். அந்தத் தேய்வையும் காத்திருந்து கேட்பவருக்கே வீணையின் சுவை புலப்படும். அவருடைய பாடல்களும் அவ்வாறு காத்திருந்து கேட்க வேண்டியவை.

திருத்தணிகையில் முருகன் அருள்

குரு கங்கைக் கரையில் சமாதியடைந்த பின் முத்துசுவாமி மணலிக்குத் திரும்பினார். குருவின் சொற்படி திருத்தணிகை மலைக்குச் சென்று முருகப்பெருமானை நினைந்து தியானத்தில் அமர்ந்தார். அப்போது முதியவர் ஒருவர் வந்து, வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு கற்கண்டை இட்டு மறைந்தார் என்றும், வந்தவர் முருகனே என்று உணர்ந்த தீட்சிதர் அங்கேயே தம் முதற் கீர்த்தனையை மாயாமாளவகௌளை இராகத்தில் பாடினார் என்றும் வரலாறு கூறுகின்றது. பிள்ளைகள் சங்கீதம் கற்கத் தொடங்கும்போது முதலில் பயிலும் இராகமும் அதுவே. அன்று தொட்டுத் தம் பாடல்களில் குருகுக என்னும் முத்திரையை அமைத்தார். குருவும் குகனும் ஒருவரே என்பது அதன் பொருள்.

சென்னையில் இருந்த காலத்தில் புனித ஜோர்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தையும் கேட்டார். அந்த மெட்டுக்களுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளை அமைத்தார். இவை நொட்டுசுரப் பாடல்கள் எனப்படும். தம்பி பாலுசுவாமி வயலின் வாத்தியத்தைக் கற்று அதனைக் கர்நாடக இசைக்குக் கொண்டு வந்தார். நல்ல நாதம் எத்திசையிலிருந்து வந்தாலும் செவி கொடுத்த குடும்பம் இது. இராணுவ வாத்தியத்தின் துள்ளலை நன்கு அறிந்திருந்தும், தம் பெரும் படைப்புகளுக்குத் தீட்சிதர் சவுக்க காலம் எனப்படும் மெதுவான நடையையே தேர்ந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

திருவாரூரும் தம்பியப்பனின் வயிற்று வலியும்

சில ஆண்டுகள் காஞ்சிபுரத்தில் வாழ்ந்த பின் தீட்சிதர் திருவாரூருக்குத் திரும்பினார். தந்தையார் 1817ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார். திருவாரூரில் தியாகேசர் மீதும் கமலாம்பிகை அம்பாள் மீதும் அவர் பாடியவை பல. கமலாம்பா நவாவரணம் என்னும் கீர்த்தனைகள் நவராத்திரி நாள்களில் இன்றும் பாடப்படுகின்றன. புங்குடுதீவு மக்களுக்குக் கமலாம்பிகை என்பது ஒரு பள்ளிக்கூடத்தின் பெயராகவும் நன்கு பழகிய திருநாமமாகும்.

திருவாரூர்க் கோயிலில் சுத்த மத்தளம் என்னும் வாத்தியத்தை வாசிக்கும் தொண்டினைப் பரம்பரையாகச் செய்து வந்தவர் தம்பியப்பன். தீட்சிதரின் சீடர். ஒருநாள் அவர் பாடத்திற்கு வரவில்லை. தீராத வயிற்று வலியால் படுத்திருக்கின்றார் என்றும் மருந்துகளால் குணம் காணவில்லை என்றும் தெரிய வந்தது. சோதிடம் அறிந்த தீட்சிதர் அவருடைய சாதகத்தைப் பார்த்து, வியாழ பகவானின் நிலை சரியில்லை என்று கண்டார். பரிகாரமாக மந்திர செபமும் கிரியையும் செய்ய வேண்டும். அம்முறைகள் தம்பியப்பனுக்கு உரியனவாக அக்காலத்தில் கருதப்படவில்லை. ஆகவே தீட்சிதர் அவருக்காகவே வியாழ பகவான் மீது அடாணா இராகத்தில் ஒரு கீர்த்தனையை இயற்றி, அதை நாள்தோறும் பாடி வழிபடும்படி கற்பித்தார். தம்பியப்பனும் அவ்வாறே செய்தார். வலி நீங்கிற்று என்பது பரம்பரைச் செய்தி.

இதன் பின் ஏனைய கிரகங்களின் மீதும் தீட்சிதர் பாடினார். ஞாயிறு முதல் சனி வரை ஏழு கிழமைகளுக்கும் ஏழு பாடல்கள். அவை சூளாதி தாளங்கள் ஏழிலும் முறையே அமைந்துள்ளன. வியாழனுக்குரியது திரிபுட தாளம். இராகு, கேது மீதுள்ள பாடல்களையும் சேர்த்து நவக்கிரகக் கீர்த்தனைகள் என்பர்; அவ்விரண்டும் பின்னர் வந்தோரால் இயற்றப்பட்டவை என்ற கருத்தும் உண்டு.

தீட்சிதர் தாமே ஒருநாள் பாடி நோயைப் போக்கிவிட்டுச் செல்லவில்லை. நோயாளியின் கையிலேயே பாட்டைக் கொடுத்தார். நாள் தவறாது பாடும்படி ஒழுங்கு வகுத்தார். தன்னை நினைந்து ஆசிரியர் ஒரு பாட்டே செய்திருக்கின்றார் என்ற எண்ணமே படுத்திருந்த அந்த மத்தளக் கலைஞருக்குப் பாதி மருந்தாக இருந்திருக்கும். மந்திரத்தின் வாயில் அடைபட்டிருந்த ஒருவருக்குப் பாட்டின் வாயிலைத் திறந்து வைத்தார் என்பதும் சிந்தித்தற்குரியது.

நாதம் உடலில் செய்யும் வேலை

பக்தியோடு நம்பப்படும் இவ்வரலாற்றுக்கு அப்பால், இசை உடலில் என்ன செய்கின்றது என்பதை இக்கால மருத்துவமும் ஆராய்ந்துள்ளது. மனிதனின் விருப்பத்திற்குக் கட்டுப்படாமல் இயங்கும் நரம்புகள் இரு தொகுதியாக உள்ளன. பரிவு நரம்புத் தொகுதி ஆபத்து வேளையில் உடலை உசுப்புவது. நெஞ்சு படபடக்கும், மூச்சு வேகமாகும், வயிறு இறுகும். பரபரிவு நரம்புத் தொகுதி உடலை ஆற்றுவது. வேகஸ் என்னும் நீண்ட நரம்பின் வழியாக இதயத்தின் வேகத்தைத் தணித்து, செமிபாட்டுக்கு உதவும். குண்டுச் சத்தத்திற்கு அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு ஆபத்து நீங்கிய பின்னரும் முதல் தொகுதி அடங்காமல் இருப்பதுண்டு. கதவு அடிக்கும் சத்தத்திற்கும் திடுக்கிடுவதும், நடுச்சாமத்தில் விழித்துக் கொள்வதும் அதனாலேயே.

மெதுவான, ஒழுங்கான இசையைக் கேட்கும்போது பதற்றம் தணிவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நெடுங்குரலில் பாடும்போது வெளிமூச்சு நீள்கின்றது. வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு இதயத்தைச் சற்று ஆறுதலாகத் துடிக்கச் செய்கின்றது. இத்தாலி நாட்டுப் பவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்டி என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சங்கீதம் பயின்ற 12 பேருக்கும் பயிலாத 12 பேருக்கும் ஆறு வகை இசை கேட்பிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று இந்திய இராக இசை. விரைவான இசை மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டியது. இசைக்கு நடுவே 2 நிமிடம் அமைதி விடப்பட்டபோது அவை தொடக்கத்தில் இருந்ததிலும் கீழே இறங்கின. இசையைப் போலவே இசைக்கு இடையில் உள்ள மௌனமும் மருந்து என்பதே இதனால் பெறப்படுவது.

இரண்டாம் உலகப் போரில் காயமுற்று அமெரிக்க மருத்துவமனைகளில் இருந்த போர்வீரர்களுக்கு இசைக் கலைஞர்கள் வாசித்துப் பயன் கண்டதனால் அந்நாட்டில் இசைச் சிகிச்சை தனித் தொழிலாக வளர்ந்து, 1950இல் அதற்கென ஒரு தேசிய சங்கமும் அமைந்தது. தமிழ்நாட்டில் வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன் அவர்கள் இராகங்களின் பயனை ஆராய ஓர் ஆய்வு மையத்தை நிறுவி நடத்தினார்.

எனினும் இன்ன இராகம் இன்ன நோயை மாற்றும் என்று பட்டியல் இட்டுக் கூறுவதற்குத் தகுந்த சான்று இல்லை. பதற்றம், நோவு, நித்திரையின்மை ஆகியவற்றை இசை தணிக்கலாம். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் வைத்தியர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு இராகம் கேட்பது பேதைமையாகும். மனச்சோர்வு நீடித்தால் வைத்தியரை நாடுதலே முறை. தம்பியப்பனும் முதலில் மருந்தை நாடியவரே என்பதை மறத்தலாகாது.

நாகபட்டினத்து நீலாம்பரி

தீட்சிதர் தலந்தோறும் சென்று பாடியவர். தீவுப் பகுதியிலிருந்து முன்னாளில் வத்தைகளும் தோணிகளும் சென்று வந்த நாகபட்டினத்தில் எழுந்தருளியுள்ள நீலாயதாட்சி அம்பாள் மீது அவர் பாடிய கீர்த்தனை நீலாம்பரி இராகத்தில் அமைந்தது. நீலாம்பரி தாலாட்டுக்குரிய இராகம். கோயிலில் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்யும் வேளையில் நாதஸ்வரத்தில் வாசிக்கப்படுவது. இறைவனை உறங்க வைக்கும் அந்த இராகம் கேட்டு நிற்கும் அடியார்களின் மனத்தையும் உறங்க வைக்கும். திருவிழா முடிவில் திருவூஞ்சல் பாடும்போது அழுத பிள்ளை தாயின் தோளில் அடங்குவதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

தீட்சிதர் பொருள் வேண்டி மனிதரைப் பாடியவர் அல்லர். திருவாரூரில் வறுமையுற்ற வேளையில், சீடரான கமலம் என்னும் நடனக் கலைஞர் தம் நகையை விற்றுச் செலவு செய்ய முன்வந்தார். அதனை ஏற்காத தீட்சிதர் இறைவனையே பாடினார் என்றும், அன்றே வீட்டிற்கு வேண்டிய பண்டங்கள் வந்து சேர்ந்தன என்றும் கூறுவர். தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரும் அவருடைய சீடர்களே.

எட்டயபுரத்தில் இறுதி நாள்

தம்பி பாலுசுவாமி எட்டயபுர அரசரின் சமஸ்தான வித்துவானாக இருந்தார். தம்பியைக் காணத் தீட்சிதர் அங்கு சென்றபோது, வழியில் மழையின்றி வெடித்துக் கிடந்த நிலத்தைக் கண்டு மனமிரங்கி அமிர்தவர்ஷிணி இராகத்தில் அம்பாளைப் பாட மழை பொழிந்தது என்பது எல்லோரும் அறிந்த செய்தி. தம்பியப்பனின் வயிற்று வலிக்கு இரங்கிய அதே மனம் வாடிய பயிருக்கும் இரங்கியது.

1835ஆம் ஆண்டுத் தீபாவளி வேளையில் அரண்மனைப் பட்டத்து யானை கட்டறுத்து மயானத்தை நோக்கி ஓடியது என்றும், அபசகுனம் என்று அரசர் கலங்கினார் என்றும், அரசருக்கோ நாட்டிற்கோ தீங்கில்லை என்று தீட்சிதர் அவரைத் தேற்றினார் என்றும் சொல்லப்படுகின்றது. அக்டோபர் மாதம் 21ஆம் திகதி, நரக சதுர்த்தசி அன்று, வழிபாட்டை முடித்துக் கொண்ட தீட்சிதர், மதுரை மீனாட்சி அம்மை மீது தாம் இயற்றிய கீர்த்தனையைப் பாடும்படி சீடர்களிடம் சொன்னார். அவர்கள் பாடினர். மீண்டும் பாடச் சொன்னார். அதனைக் கேட்டபடியே அம்பாளின் திருவடியை அடைந்தார். நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளைப் பாடிய அப்பெரியார் தம் கடைசி வேளையில் பாடவில்லை, கண்மூடிக் கேட்டார். அவருடைய சமாதி எட்டயபுரத்தில் உள்ளது. பாலுசுவாமியின் வழிவந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெரு நூலினாலேயே அவருடைய வாழ்க்கையும் பாடல்களும் அழியாமல் கிடைத்தன.

அடியார்கள் கைக்கொள்ளத்தக்கவை

தீட்சிதர் அவர்களின் வாழ்க்கை கோயிலை நாடி வருவோருக்கும் கோயிலை நடத்துவோருக்கும் உணர்த்துவன சில உண்டு. மடத்துவெளியிலும் அயற் கிராமங்களிலும் பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியோர் உளர். தொண்ணூறுகளின் இடப்பெயர்வில் இழந்தவற்றை எண்ணி உறங்காதவர் உளர். இத்தகையோர் இரவு உணவின் பின் விளக்கைத் தணித்து, ஒரு நாதஸ்வர நீலாம்பரியையோ வீணை இசையையோ பண்ணோடு பாடிய ஒரு தேவாரத்தையோ இருபது நிமிடம் மெல்லிய சத்தத்தில் கேட்டு, முடிந்தபின் சிறிது நேரம் பேசாமல் இருந்து பார்க்கலாம். தாமே பாடக்கூடியவர்கள் பாடுவது இன்னும் நன்று. குரல் நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆலயங்களில் ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்து விடியற்காலையில் பாட்டுப் போடுவது பக்தியினால் செய்யப்படுவதே ஆயினும், அயலில் படுத்திருக்கும் நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் அது மருந்தாக அமையாது. அதே பாட்டு ஆறுதலான சத்தத்தில் ஒலித்தால் கேட்பவரை வீதிக்கு அழைத்து வரும். தவிலும் நாதஸ்வரமும் ஓய்ந்து தீபாராதனைக்கு முன் உள்ள அந்தச் சிறு அமைதியையும் வழிபாட்டின் ஒரு பகுதியாகப் பேணுதல் வேண்டும். பிள்ளைகளுக்குப் பண்ணிசையும் வாத்தியமும் கற்பிக்கும் வகுப்புகளை ஊர்தோறும் விடாது நடத்துதல் அதனிலும் வேண்டுவது. வாசிப்பவர் இல்லாத ஊரில் கேட்பவரும் இல்லாது போவர்.

வலியால் படுத்திருந்த சீடனுக்காக ஒரு பாட்டை இயற்றிக் கொடுத்த அந்தக் குருவின் இரக்கமே அவருடைய இசையின் உயிராகும். குருவாகவும் குகனாகவும் விளங்கும் முருகப்பெருமான், உறங்காத கண்களுக்கு உறக்கத்தையும் கலங்கிய நெஞ்சங்களுக்கு அமைதியையும் நாதத்தின் வழியே அருள்வானாக.

சுபம்.